ரெனுவாரின் பந்துகள்: மூட்டுவலியில் ஓய்வும் அசைவும்

பிரெஞ்சு ஓவியர் பியேர் ஒகுஸ்த் ரெனுவாருக்கு (1841–1919) ஐம்பது வயதைக் கடந்த பின், ஏறத்தாழ 1892இல், முடக்குவாதம் தொடங்கியது. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோய் இது. 1897இல் சைக்கிளிலிருந்து விழுந்து அவருடைய வலக்கை முறிந்தது. அதன் பிறகு நோய் வேகமாக முற்றியது. விரல்கள் உள்நோக்கி மடங்கின, தோள்கள் இறுகின. வெப்பமான இடம் உடலுக்கு இதமாக இருந்ததால் தென்பிரான்சிலுள்ள கான்யு என்ற ஊருக்குச் சென்றார். 1907இல் அங்கே ஓர் ஆலிவ் தோப்பை வாங்கி, பின்னர் அதில் குடியேறினார்.

அன்றைய மருத்துவத்தில் இந்நோய்க்கு உருப்படியான மருந்து கிடையாது. வெந்நீர் ஊற்றுகளில் குளிக்கச் சொன்னார்கள். வலி தணிக்கும் சில மருந்துகளைக் கொடுத்தார்கள். ரெனுவார் தாமாகவே ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டார். காலையில் வரைய உட்காரும் முன் சிறு பந்துகளை மேலே எறிந்து மாறி மாறிப் பிடிப்பார். விரல்கள் பந்தைப் பிடிக்க முடியாதபடி மடங்கிய பிறகு, பந்துக்குப் பதிலாக ஒரு சிறு மரக்கட்டையை எறிந்து பிடித்தார். பில்லியர்ட்ஸ் ஆடினார். கை எவ்வளவுக்கு எட்டியதோ அவ்வளவுக்கு ஏற்ற ஆட்டமாக மாற்றிக்கொண்டாரே தவிர, அசைவை விட்டுவிடவில்லை.

இந்தப் பழக்கம் அக்கால மருத்துவப் போக்குக்கு நேர்மாறானது. 1863இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் தம் சொற்பொழிவுகளை நூலாக்கினார். வலி என்பது ஓய்வெடுக்கச் சொல்லும் இயற்கையின் அறிவிப்பு என்பது அதன் மையக் கருத்து. லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ், நோயுற்ற மூட்டைச் சிறிதும் அசையவிடாமல் நீண்ட காலம் கட்டிவைக்கும் முறையை வளர்த்தார். இவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் அன்றாடம் கண்ட மூட்டு நோய்களில் பல காசநோய்க் கிருமியால் வந்தவை. கிருமிக்கு மருந்து இல்லாத காலத்தில் மூட்டை அசையாமல் வைத்ததால் பலர் பிழைத்தார்கள். ஒரு நோய்க்குப் பொருந்திய விதி எல்லா மூட்டுவலிக்கும் பொதுவிதியானதுதான் பிழை. அதனால் முடக்குவாத நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தப்பட்டனர்.

படுத்தே கிடப்பதால் நேரும் கேடு இப்போது நன்றாக விளங்குகிறது. மூட்டில் எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. நடக்கும்போதும் மடக்கும்போதும் குருத்தெலும்பு சற்றே நசுங்கி மீள்கிறது; அப்போது திரவம் உள்ளே போய் வருகிறது. அசைவு நின்றால் இந்தப் போக்குவரத்தும் குறைகிறது. சுற்றியுள்ள தசைகள் சில வாரங்களிலேயே மெலிகின்றன. தாங்கும் தசை மெலிந்தால் மூட்டின் சுமை கூடுகிறது, வலியும் கூடுகிறது, வலிக்கு அஞ்சி அசைவு இன்னும் குறைகிறது. முழங்கால் வலி உள்ள முதியோர் பலர் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிவிடுவது இந்தச் சுழலில் சிக்கித்தான்.

அசைவு ரெனுவாரின் நோயைத் தடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1912 வாக்கில் அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். அவருடைய மகன் ழான் ரெனுவார் (வங்காளத்தில் ‘தி ரிவர்’ படத்தை எடுத்த அதே இயக்குநர்) தந்தையைப் பற்றிய நினைவு நூலில் ஒரு செய்தியைச் சொல்கிறார். மருத்துவர் ஒருவர் பெருமுயற்சி செய்து ரெனுவாரை எழுப்பிச் சில அடிகள் நடக்கவைத்தார். நடந்து முடித்த ரெனுவார், இனி நடப்பதில்லை என்று தீர்மானித்தார். நடப்பதற்கே மனவலிமை முழுவதும் செலவாகிவிடுகிறது, வரைவதற்கு ஏதும் மிஞ்சுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். இதைத் தோல்வி என்று கொள்வதற்கில்லை. உள்ள வலுவை எதற்குச் செலவிடுவது என்று நோயாளியே எடுத்த முடிவு அது. தூரிகையை அவருடைய கையில் கட்டிவைத்தார்கள் என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. துணிக்கட்டு தோல் புண்ணாகாமல் இருப்பதற்காகப் போடப்பட்டது. தூரிகையைப் பிறர் விரலிடையே வைப்பார்கள்; பிடித்து வரைந்தது அவரே. பெரிய ஓவியங்களுக்குத் துணியை உருளைகளில் சுற்றி, வரைய வேண்டிய பகுதி கைக்கு எட்டும் இடத்துக்கு வருமாறு நகர்த்தினார்கள். ‘குளிக்கும் பெண்கள்’ என்ற பெரிய ஓவியம் 1918–19இல், அவருடைய கடைசி ஆண்டுகளில் உருவானது.

மருத்துவத்தின் கருத்து மாற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுக்கையிலேயே கிடப்பதன் ஆபத்துகளை விவரித்து பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1971இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வு, முடக்குவாதத்தில் முழுப் படுக்கை ஓய்வால் தனிப்பட்ட நன்மை இல்லை என்று காட்டியது. மூட்டு வீங்கிச் சிவந்து சூடாக இருக்கும் நாள்களில் அந்த மூட்டுக்கு ஓய்வு தேவை என்பது இன்றும் மாறவில்லை. அந்த நாள்கள் கடந்த பிறகும் ஓய்வு தொடர்வதுதான் கைவிடப்பட்டது.

மூட்டுத் தேய்மானத்துக்குத் தெளிவான சான்று 1997இல் அமெரிக்காவில் கிடைத்தது. முழங்கால் தேய்மானம் உள்ள, 60 வயதைக் கடந்த 439 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து 18 மாதங்கள் கவனித்தார்கள். ஒரு குழு நடைப்பயிற்சி செய்தது. இன்னொன்று எடைகளைக் கொண்டு தசைப் பயிற்சி செய்தது. மூன்றாவது குழுவுக்கு உடல்நலப் பாடங்கள் மட்டும். பயிற்சி செய்த இரு குழுவினருக்கும் வலி ஓரளவு குறைந்தது, அன்றாட வேலைகள் சற்று எளிதாயின. பலன் பெரிதன்று, ஆனால் விடாமல் செய்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. 2008இல் வெளியான பிரிட்டனின் அரசு வழிகாட்டி, வயது எதுவானாலும் வலி எவ்வளவு இருந்தாலும், மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சியை அடிப்படைச் சிகிச்சைகளில் ஒன்றாக வைத்தது.