கட்டு வராத நாள்கள்

பத்திரிகைச் சுதந்திரம் என்றால் ஆசிரியர்களையும் நிருபர்களையும் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நான் ஒரு பேப்பர் ஏஜென்டின் மகள். காலையில் பேப்பர்க் கட்டு வந்ததா, வரவில்லையா என்பதில்தான் அந்தச் சுதந்திரத்தை நான் முதலில் அறிந்தேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எங்கள் ஐயா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் உள்ள வேலணையில் பத்திரிகை முகவராக இருந்தார். பண்ணைத் தாம்போதியால் வரும் காலை பஸ்ஸில் சணல் கயிற்றால் கட்டிய ‘ஈழநாடு’ வரும். ‘வீரகேசரி’யும் ‘தினகரனு’ம் கொழும்பிலிருந்து இரவு ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்து சேரும். ஐயா கடை வாங்கில் வைத்துக் கட்டைப் பிரித்து, ஊர்வாரியாக எண்ணி, கோடு போட்ட கொப்பியில் குறிப்பார். நயினாதீவுக் கட்டும் நெடுந்தீவுக் கட்டும் குறிகட்டுவானுக்குப் போய் வள்ளம் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் நெடுந்தீவார் நேற்றைய பேப்பரைத்தான் வாசிப்பார்கள். வாசிகசாலையில் ஒருவர் உரத்து வாசிக்க, பார்வை மங்கிய கிழவர்கள் சுற்றி இருந்து கேட்பார்கள். முதலில் மரண அறிவித்தல், பிறகு அரசியல். வாசிக்கிறவர் எதையாவது தாண்டிப் போனால், “தம்பி, விட்டிட்டுப் போறாய்” என்று ஒரு குரல் வரும். எழுதப் படிக்கத் தெரியாத மனிதருக்கும் செய்தியில் பங்கு உண்டு என்பதை நான் கற்றுக்கொண்டது அந்த வாங்குகளில்தான்.

கட்டு வராத முதல் பெரிய நாள் 1981 ஜூனில் வந்தது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டி யாழ்ப்பாணத்தில் பொலிஸார் ஆடிய வெறியாட்டத்தில் பொது நூலகம் எரிந்ததை உலகம் அறியும். அதே நாள்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டதை அவ்வளவு பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. 1959இல் தொடங்கிய அந்தப் பத்திரிகைதான் வேலணைச் சந்தை விலையையும் ஊர்காவற்றுறை வழக்கையும் அச்சில் கொண்டுவந்தது. கொழும்புப் பத்திரிகைகளுக்கு நாங்கள் ஒரு மூலை. ‘ஈழநாடு’க்கு நாங்கள் ஊர்.

1983 ஜூலையில் யாழ்ப்பாணத்து ஆங்கில வார இதழான ‘சற்றர்டே ரிவியூ’வை அரசாங்கம் தடைசெய்தது. 1987 ஒக்டோபர் 10ஆம் திகதி, விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கிய அன்றே, இந்தியப் படை ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ ஆகிய இரண்டு பத்திரிகைகளின் அச்சகங்களையும் வெடிவைத்துத் தகர்த்தது. பொலிஸ், அரசாங்கம், அயல்நாட்டுப் படை: யார் வந்தாலும் அச்சு இயந்திரத்தின் மேல்தான் முதல் கை வைத்தார்கள்.

வெளியாரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் இந்த வரலாறு பாதிப் பொய்யாகிவிடும். எண்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு மாலை, இரண்டு இயக்கப் பெடியன்கள் சைக்கிளில் கடைக்கு வந்தார்கள். ஒருவன் பேப்பர் ஒன்றைத் தொட்டுக் காட்டி, “அண்ணை, உது இனி இங்கை வேண்டாம்” என்றான். ஐயா, “தம்பி, பிடிக்காதவன் வாங்காமல் விடட்டும். நான் ஒருத்தரையும் வாசிக்கச் சொல்லி வற்புறுத்தேல்லை” என்றார். அவர்கள் மறுபேச்சுப் பேசவில்லை. கட்டைத் தூக்கிக் கரியரில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐயாவை வருத்தியது அதுகூட இல்லை. அடுத்த நாள் அவருடன் படித்தவர்களே வந்து, “உனக்கேன் உந்தத் தேவையில்லாத வேலை? துரோகிப் பட்டம் வாங்கப் போறியோ?” என்று கேட்டதுதான். கட்டைத் தூக்கியவர்கள் இருவர். தூக்கியது சரி என்று சொல்ல ஊரில் பலர் இருந்தார்கள்.

துரோகி என்ற அந்தப் பட்டம் எத்தனை உயிரைக் குடித்தது! ‘தோழி’ என்ற பெண்கள் இதழை நடத்திய கவிஞர் செல்வியை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. ‘தினமுரசு’ ஆசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான நடராஜா அற்புதராஜா 1999 நவம்பர் 2ஆம் திகதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பத்திரிகையில் எழுதிய பாலநடராஜ ஐயர் 2004 ஓகஸ்டில் கொல்லப்பட்டார். இவர்களின் அரசியலோடு எனக்கு உடன்பாடு உண்டா இல்லையா என்பது இங்கே பொருட்டில்லை. நமக்குப் பிடித்தவர் கொல்லப்பட்டால் மட்டும் அழுவது பத்திரிகைச் சுதந்திரத்துக்காக அழுவது ஆகாது.

1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடிபட்ட இளைஞர்கள் பலர் காணாமல்போனார்கள். நாங்கள் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாணம் போனோம். பேப்பர் கணக்குக் கொப்பியை ஐயா எண்ணெய்ச் சீலையில் சுற்றி எடுத்து வந்தார். பற்றரி வராத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, என் தம்பி பெடலைச் சுற்ற, டைனமோவில் ஓடிய றேடியோவில் பீ.பீ.சீ. தமிழோசையைக் கேட்டோம். அவன் கை சோர்ந்தால் அறிவிப்பாளர் சங்கரின் குரலும் சோரும். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து பெடலைப் பிடிப்பார்.

தீவுப்பகுதி பிறகு கடற்படையினதும் ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி எனும் ஈ.பி.டி.பி.யினதும் பிடிக்குள் போனது. 1994 நாடாளுமன்றத் தேர்தலில் குடாநாடு புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் பெரும்பாலும் தீவுகளில்தான் வாக்களிப்பு நடந்தது. சுமார் பத்தாயிரம் வாக்குகளில் ஈ.பி.டி.பி.க்கு யாழ். மாவட்டத்தின் ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன. இந்தக் கணக்கு தெரியாமல் பின்னால் நடந்ததை விளங்கிக்கொள்ள முடியாது. ஆட்குறைந்து போன எங்கள் ஊர்கள், வாக்குப்பெட்டிக்குப் பெறுமதியான ஊர்கள் ஆகிவிட்டன. அங்கே என்ன நடக்கிறது என்று வெளியில் சொல்கிறவன் ஆபத்தானவன் ஆனான்.

மயில்வாகனம் நிமலராஜன் அதைச் சொன்னார். பீ.பீ.சீ.யின் தமிழோசைக்கும் சிங்களச் சேவையான சந்தேசயவுக்கும் ‘வீரகேசரி’க்கும் சிங்கள வார இதழான ‘ராவய’வுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி அனுப்பியவர். தமிழில் ஒன்றும் சிங்களத்தில் வேறொன்றும் சொல்லாத நிருபர் என்பதே என் கணிப்பில் அவருடைய பெரிய தகுதி. 2000ஆம் ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. மே மாதம் கடுமையான தணிக்கை வந்தது. யாழ்ப்பாணத்தில் வெளிவந்த ‘உதயன்’ அவசரகாலச் சட்டத்தின் கீழ் மூடப்பட்டது. தரைப்பாதை இல்லை. வெளியூர்ப் பத்திரிகையாளர் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி இல்லாமல் வர முடியாது. அப்படிப்பட்ட வேளையில் ஒக்டோபர் 10ஆம் திகதி பொதுத் தேர்தல். தீவுப்பகுதியில் வாக்காளர் மிரட்டப்பட்டதையும் வாக்கு மோசடியையும் நிமலராஜன் வெளிக்கொண்டுவந்தார்.

அப்போது நாங்கள் வேலணைக்குத் திரும்பி வந்திருந்தோம். றேடியோவின் சத்தத்தைக் குறைத்து, காதை அதன் மேல் வைத்துக் கேட்ட செய்தி எங்கள் ஊரைப் பற்றிய செய்தி. அந்த ஒரு கணத்தை எப்படிச் சொல்ல? எங்களுக்கு நடந்தது நடந்ததுதான் என்று லண்டனிலிருந்து வந்த குரல் ஒன்று உறுதிப்படுத்தியது. ஐயா, “கவனமாயிருக்கச் சொல்லுங்கோ அந்தப் பிள்ளையை” என்றார். யாரிடம் சொல்வது?

தேர்தல் முடிந்து ஒன்பதாம் நாள், ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு வேளையில், இராணுவக் காவலரண்கள் சூழ்ந்த யாழ். நகரில் உள்ள அவருடைய வீட்டுக்கு ஆயுததாரிகள் வந்தார்கள். மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரை யன்னலால் சுட்டார்கள். தகப்பனாரை வெட்டினார்கள். வீட்டுக்குள் கைக்குண்டை எறிந்துவிட்டுப் போனார்கள். வீட்டாரும் ஒரு சிறுவனும் காயப்பட்டார்கள். ஊரடங்கில் ஒரு நாய் குரைத்தாலே வெளிச்சம் அடித்துப் பார்க்கும் தெருக்கள் அவை. கொன்றவர்கள் வந்த வழியே போனார்கள்.

சந்தேகம் ஈ.பி.டி.பி.யின் மேல் விழுந்தது. அந்தக் கட்சி மறுத்தது. சிலர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தார்கள். 2021இல் சட்டமா அதிபரின் அறிவுறுத்தலின் பேரில் சந்தேகநபர்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். 2022 பெப்ரவரியில் லண்டன் பொலிஸார் இங்கிலாந்தில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தார்கள். இரண்டு நாடுகள் விசாரித்தும் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

நிமலராஜன் தீவுகளைப் பற்றி எச்சரித்தது எத்தனை சரி என்பதை அவர் கொல்லப்பட்ட அடுத்த ஆண்டே கண்டோம். 2001 நவம்பர் 28ஆம் திகதி, தேர்தல் பிரசாரத்துக்கு ஊர்காவற்றுறைப் பக்கம் வந்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர் நாரந்தனையில் தாக்கப்பட்டார்கள். இருவர் கொல்லப்பட்டனர், அவர்களோடு வந்த கூட்டமைப்பு அரசியல்வாதி மாவை சேனாதிராஜா காயமடைந்தார். அந்த வழக்கில் 2016இல் யாழ். மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாக்கப்பட்டவர்கள் அரசியல்வாதிகள், சாட்சி சொல்ல ஆள் இருந்தது. நிமலராஜன் விஷயத்தில் சாட்சி சொல்ல வேண்டியவரையே முதலில் கொன்றுவிட்டார்கள்.

அதன்பின் வந்த பட்டியல் நீளமானது. 2006 மே 2ஆம் திகதி இரவு ‘உதயன்’ அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டார்கள். அந்த வாரம் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினத்தைக் கொழும்பில் யுனெஸ்கோ கொண்டாடிக்கொண்டிருந்தது. அடுத்த நாள் பேப்பர் வந்தது! குண்டு துளைத்த சுவரைப் பூசி மறைக்காமல் அப்படியே வைத்திருக்கிறார்கள். 2007 ஏப்ரலில் அதே பத்திரிகையின் பயிற்சி நிருபர் செல்வராஜா ரஜீவர்மன் சைக்கிளில் போகையில் கொல்லப்பட்டார். கொலையாளிகளை மன்னித்தாலும் அந்த நாள்களில் நாங்கள் கேட்ட ஒரு கேள்வியை என்னால் மன்னிக்க முடியவில்லை: “அவர் ஏன் உதை எழுதப் போனவர்?” சாவீட்டில்கூட அந்தக் கேள்வி கேட்டது. எங்களுக்காக எழுதியவரைப் பார்த்து நாங்களே கேட்ட கேள்வி அது.

இன்று தீவுப்பகுதிச் செய்தியாளர்கள் பகுதிநேரக்காரர்கள். காலையில் வேறு வேலை, பின்னேரம் செய்தி. கடற்றொழிலாளர் வலை அறுபட்டாலும், நெடுந்தீவுக்குப் படகு ஓடாவிட்டாலும் ஊர் முதலில் தொலைபேசி எடுப்பது அவர்களுக்குத்தான். பெயரைப் போட வேண்டாம் என்ற வேண்டுகோளோடுதான் தகவல் வரும். பெயரோடு எழுதப்போகிறவர் அந்தச் செய்தியாளர்தானே என்று யாரும் யோசிப்பதில்லை.

யாழ். ஊடக அமையம் ஒக்டோபர் 19இல் நிமலராஜனுக்கு விளக்கேற்றும். எங்கள் ஊர் வாசிகசாலையில் அவருடைய படத்தை மாட்ட வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். கமிட்டியில் பெரும்பாலானோர் சம்மதம். ஒருவர், “பிள்ளை, படத்திலை பிழையில்லை, வாறவை போறவை கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?” என்கிறார். நான் சொல்கிறேன் என்றேன். அதைக் கூட்ட அறிக்கையில் எழுதச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். முடிவு அடுத்த பொதுக்கூட்டத்தில்.