உலோகம் உரைக்கும் வரலாறு

பழைய செம்பு, பித்தளைப் பொருள்களை எடைக்குக் கொடுத்துப் புதிய பாத்திரம் வாங்குவது தமிழ்நாட்டில் நெடுநாளைய வழக்கம். குடமும் குத்துவிளக்கும் மட்டுமன்றி, இன்னதென்று விளங்காத உடைந்த வளைவு, சிறு பீடம், விளிம்பு சிதைந்த மணி ஆகியவையும் அவ்வாறு கடைக்குச் சென்றுவிடக்கூடும். அடையாளம் அறியப்படாத பொருள், உருக்கப்பட்டால் மீளாது.

அவ்வாறு அழியாமல் தப்பிய பொருளுக்குச் சிறந்த சான்று நியூசிலாந்தில் உள்ளது. 1836ஆம் ஆண்டளவில், வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ சமயப் பணியாளர், மாவோரி மக்கள் கிழங்கு வேகவைக்கப் பயன்படுத்திய ஒரு வெண்கலக் கலத்தைக் கண்டார். இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார். அது விளிம்பு உடைந்த மணியின் மேற்பகுதி. அதைச் சுற்றியிருந்த எழுத்துகள் தமிழ் என்பது பின்னர் அறியப்பட்டது. முகைதீன் பக்சு என்பவரின் கப்பல் மணி என்பது அவற்றின் பொருள். இன்று அது வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. சமையல் கலமாகிவிட்ட பொருளுக்கு அதன் பெயரை மீட்டுத் தந்தது ஒரு வரி எழுத்தே.

எழுத்து இல்லாதபோது உருவமே சான்று. வளைவின் உச்சியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடைகள் இருப்பின், அது ஜினர் திருமேனிக்குரிய திருவாசி எனக் கருத இடமுண்டு. தோளில் சடை புரள்வது ஆதிநாதருக்கும், தலைக்குமேல் ஏழு படம் விரித்த நாகம் பார்சுவநாதருக்கும் உரியவை. ஆடையும் அணியுமற்ற தியானக் கோலம், ஜினரைப் புத்தரிடமிருந்து வேறுபடுத்தும். மாங்கொத்தும் குழந்தைகளும் சிங்கமும் கூடிய பெண்ணுருவம் இயக்கி தருமதேவி.

பீடத்தைக் காணும்போது கூடுதல் கவனம் வேண்டும். இரு ஓரங்களிலும் சிங்கங்கள் இருப்பின் அது சிம்மாசனத்தைக் குறிக்கும். எந்தத் தீர்த்தங்கரருக்கும் அமையலாம். நடுவில் தனித்துப் பொறிக்கப்பட்ட சிங்கமே மகாவீரரின் இலாஞ்சனை. இவ்வேறுபாட்டை அறியாதார் திருமேனியின் பெயரையே மாற்றிக் கூறிவிடுவர்.

இவ்வறிவு காஞ்சிக்கு மிகவும் தேவை. வேகவதிக் கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம் ஜினகாஞ்சி எனப் போற்றப்படுவது. விஜயநகர அமைச்சர் இருகப்பர், தம் குரு புஷ்பசேனரின் விருப்பப்படி 1387இல் திரைலோக்கியநாதர் ஆலயத்தில் சங்கீத மண்டபம் எழுப்பியதை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. 1934இல் டி. என். இராமச்சந்திரன் இவ்வாலயங்களைப் பற்றி எழுதிய நூலைச் சென்னை அரசு அருங்காட்சியகம் வெளியிட்டது. கல்லும் ஓவியமும் நிலைத்த இடத்திலேயே ஆராயப்பட்டன. உலோகப் பொருளோ கைமாறிச் செல்வது. எங்கிருந்து வந்தது என்னும் செய்தியை இழந்தால் அதன் வரலாற்றில் பாதி போய்விடும்.

ஆகவே இல்லங்களில் உள்ள பழம்பொருளைப் புளியிட்டுத் தேய்த்தல் கூடாது. மெல்லிய எழுத்துகள் மழுங்கிவிடும். பீடத்தின் பின்புறத்தையும் அடியையும் ஒளிப்படம் எடுத்து, யார் வழியாக வந்தது என்பதைப் பெரியோர் இருக்கும்போதே எழுதி வைத்தல் நலம். நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்திற்கு உட்பட்டது. மண்ணில் கிடைத்த புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். எடைக்கல்லில் ஏற்றுமுன் அறிந்தோரிடம் ஒருமுறை காட்டினால், முன்னோர் வழிபட்ட திருவுரு ஒன்று பிழைக்கக்கூடும்.