மேடைக் கீபோர்டு: நினைவகக் கொள்ளளவும் ஒலியேற்ற நேரமும்

பதிவுசெய்த ஒலித்துணுக்குகளை, அதாவது சாம்பிள்களை, விசையைத் தொட்டதும் ஒலிக்கச் செய்யும் கீபோர்டுகளில் இரண்டு தேவைகள் தொடக்கம் முதலே மோதிவருகின்றன. இயல்பான ஒலிக்குப் பெரிய நினைவகம் வேண்டும். அதை நிரப்பவோ நேரம் பிடிக்கும். பியானோ இதில் மிகக் கடினமானது. ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாகவும் அழுத்தியும் வாசித்துத் தனித்தனியே பதிய வேண்டும். கீழ்ச்சுரங்கள் அடங்குவதற்கே பல விநாடிகள் ஆகும்.

முன்னோடி, காந்த நாடாவில் இயங்கிய மெல்லோட்ரான் (1963, பர்மிங்காம்). இது அமெரிக்கரான ஹாரி சேம்பர்லினின் கருவியைப் பின்பற்றியது என்பது பரவலாக ஏற்கப்பட்டாலும், அது எந்த அளவுக்கு அவர் சம்மதத்தோடு நடந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு.

டிஜிட்டல் காலம், சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் 1979-இல் வெளியிட்ட ஃபேர்லைட் சி.எம்.ஐ.யோடு தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். அதற்கு முந்தைய சிறு முயற்சிகளைச் சுட்டுவோரும் உளர். ஃபேர்லைட்டில் எட்டுக் குரல்கள், ஒவ்வொன்றுக்கும் 16 கிலோபைட். ஒலிகள் 8 அங்குல ஃப்ளாப்பியில் இருந்தன. 1981-இல் வந்த இ-மியூ எமுலேட்டரின் மொத்த நினைவகம் 128 கிலோபைட்.

இதே 128 கிலோபைட்டை 1,700 டாலருக்கும் குறைவான விலையில் தந்தது என்சோனிக் மிராஜ். வெளியான ஆண்டு 1984 என்றும் 1985 என்றும் குறிக்கப்படுகிறது. மின்சாரத்தை நிறுத்தினால் ஒலிகள் மட்டுமல்ல, கருவியின் இயக்க மென்பொருளும் மறைந்துவிடும். ஃப்ளாப்பி இல்லாவிட்டால் அது விசைகள் பொருத்திய வெறும் பெட்டி. ஒரு வட்டில் வலக்கைப் பகுதிக்கு மூன்று ஒலிகள், இடக்கைப் பகுதிக்கு மூன்று. திரையில் தெரிவது இரண்டே இலக்கங்கள், அவையும் பதினாறடிமான எண்களில். எந்த எண் எதற்கு என்பதை வாசிப்பவரே மனத்தில் வைத்திருக்க வேண்டும். அடுத்த பாட்டுக்கான வட்டைத் தேடிச் செருகி, ஏறும்வரை காத்திருக்கும் இடைவெளியை நிரப்புவது பாடகரின் பொறுப்பாயிற்று.

எதிர்வழியில் சென்றது 1984-இன் கர்ஸ்வைல் 250. ஸ்டீவி வொண்டரின் தூண்டுதலால் ரே கர்ஸ்வைல் உருவாக்கிய இதில் ஒலிகள் அழியாத ரோம் சில்லுகளில் இருந்தன. ஏற்றும் வேலையே இல்லை. உண்மையான கிராண்ட் பியானோவிலிருந்து இதைப் பிரித்தறிய முடியவில்லை என்ற புகழுரையை அக்கால விளம்பரத்தின் குரலாகவும் கொள்ளலாம். 1988-இல் வந்த கோர்க் எம்1, நான்கு மெகாபைட் ரோமிலேயே ஒரு முழு இசைக்குழுவை அடக்கியது. ஒலிகளின் தொடக்கத்தை மட்டும் விரிவாக வைத்து, எஞ்சியதைச் சிறு சுழற்சியாகத் திரும்ப ஓட்டிய சிக்கனமே இதைச் சாத்தியமாக்கியது.

1998-இல் ஜிகாசாம்பிளர் என்ற கணினி மென்பொருள், ஒவ்வொரு ஒலியின் முதற்பகுதியை மட்டும் நினைவகத்தில் வைத்து, மீதியை வாசிக்கும்போதே வன்வட்டிலிருந்து எடுத்தது.

கீபோர்டுகளுக்குத் திரும்பினால், யமஹா மோட்டிஃப் எக்ஸ்எஸ் (2007) கூடுதல் நினைவகத்தை ஏற்றது; ஆனால் கருவியை அணைத்தால் அது காலியாகிவிடும். அடுத்து வந்த எக்ஸ்எஃப் (2010) அழியாத ஃப்ளாஷ் அட்டைகளுக்கு மாறியது. கோர்க் க்ரோனோஸ் (2011) பெரிய பியானோக்களைத் திடநிலை வட்டிலிருந்தே ஓட்டியது. விலையாக, கருவி விழித்தெழவே நிமிடக்கணக்கில் ஆனது. நார்ட் ஸ்டேஜ் 3 (2017) பியானோவுக்கு இரண்டு ஜிகாபைட் ஃப்ளாஷை ஒதுக்கியது. ஒலிகளை மாற்ற வேண்டுமானால் கணினியோடு இணைத்து மெதுவாக ஏற்ற வேண்டும். மேடையில் காத்திருப்பு இல்லை. 2023-இல் வெளியான நார்ட் ஸ்டேஜ் 4-இலும் பியானோவுக்கு அதே இரண்டு ஜிகாபைட்தான்.