மஜோர்தா கோயிலின் பாட்டு வாத்தியார்

நம் மலையை ஆண்ட வல்வில் ஓரி பாணர்களைப் போற்றிய வள்ளல். காட்டில் எதிர்ப்பட்ட பாணர் கூட்டம் பாடியபோது, பாட்டில் தன் பெயர் வரக் கேட்டு நாணி நின்றான் என்றும், இறைச்சியும் பொன்னும் கொடுத்தனுப்பினான் என்றும் புறநானூற்றில் வன்பரணர் சொல்கிறார். பாடியவர்களுக்குப் பொன் கிடைத்தது. அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவர் யாரோ! ஜூபிலி மலருக்கு எழுதுமாறு பாடகர் குழுவினராகிய எங்களைக் கேட்டபோது, இந்த நினைவோடுதான் ஒரு பாட்டு வாத்தியாரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

1977-இல் வெளிவந்த ‘அமர் அக்பர் ஆண்டனி’ என்ற இந்திப் படத்தை அன்பர்கள் பலர் அறிவீர்கள். மறு ஆண்டு தமிழில் ‘சங்கர் சலீம் சைமன்’ என்று வந்த கதைதான். அந்த இந்திப் படத்தில் கதாநாயகன் பெரிய முட்டையிலிருந்து வெளிவந்து, “என் பெயர் ஆண்டனி கொன்சால்வஸ்” என்று ஆடிப் பாடுவார். நாடே சிரித்தது. அந்தப் பெயரில் மெய்யாகவே ஒருவர் இருந்தார் என்பதைத்தான் பலர் அறியவில்லை. படத்துக்கு இசையமைத்த இரட்டையரில் ஒருவரான பியாரேலால், தமக்கு வயலின் கற்பித்த ஆசிரியரின் பெயரைப் பாட்டில் வைத்துச் செலுத்திய குருதட்சணை அது.

ஆண்டனி கொன்சால்வஸ் 1927-இல் கோவாவில் மஜோர்தா என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் அவ்வூர் தேவமாதா கோயிலின் பாடகர் தலைவர். அவரிடமே பையன் வயலின் பயின்றான். இங்கே கோவாவின் பங்குப் பள்ளிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. போர்த்துக்கீசியர் காலத்தில் அங்கே பல பங்குகளில் பள்ளிக்கூடம் இருந்தது. ஞானோபதேசத்தோடு ஐரோப்பிய முறைப்படி ஸ்வரங்களை எழுத்தில் பார்த்து வாசிக்கும் நொட்டேஷனும் கற்பித்தார்கள். பூசைக்குப் பாட ஆள் வேண்டுமே என்றுதான் செய்தார்கள். அது ஏழைப் பிள்ளைகளுக்குப் பிழைப்பாகும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைகள் பம்பாய்க்குப் போனார்கள். அங்கே ‘கூட்’ எனப்படும் ஊர்ச்சங்க விடுதிகளில், மாலையில் பீடத்தின்முன் ஜெபமாலை சொல்லிவிட்டுத் தங்கினார்கள். ஓட்டல்களில் ஜாஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் சங்கீதம் பரவிய காலம் அது. அல்தோனா ஊரில் 1916-இல் பிறந்த அந்தோனியோ சேவியர் வாஸ், ‘சிக் சாக்லேட்’ என்ற பெயரில் எக்காளம் ஊதி, சொந்த ஜாஸ் குழுவை நடத்தினார். இந்தியாவின் லூயி ஆர்ம்ஸ்ட்ராங் என்றே அவரை அழைத்தார்கள். 1951-இல் வந்த ‘அல்பேலா’ படத்தில் அவருடைய குழுவே திரையில் தோன்றுகிறது. 1967-இல் காலமானார். இராத்திரி ஓட்டலில் ஜாஸ், பகலில் சினிமா ஸ்டூடியோ என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போடுவார். ஐம்பது வயலின் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் உரியதைத் தனித்தனியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதை எழுதியவர்களும் படித்து வாசித்தவர்களும் பெரும்பாலும் இந்தக் கோயிற் பிள்ளைகளே. படத்தில் அவர்கள் பெயர் அநேகமாக வராது.

கொன்சால்வஸ் 1943-இல் பம்பாய் போனபோது வயது பதினாறு. நௌஷாத் குழுவில் வயலின் வாசித்தார். வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதற்குமேல் ஒரு கனவும் கண்டார். நம் நாட்டு ராகங்களை மேனாட்டுப் பெருங்குழு வாசிக்க வேண்டும் என்பது அது. 1958-இல் நூற்றுக்கு மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி, புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் கச்சேரி நடத்தினார். லதா மங்கேஷ்கரும் மன்னா தேயும் பாடினார்கள். சாரங் ராகத்தில் அவர் எழுதிய கன்செர்ட்டோவும் உண்டு. 1965-இல் அமெரிக்காவில் சிராக்யூஸ் பல்கலைக்கழகம் சென்றார். திரும்பியபின் சினிமாப் பக்கம் போகவில்லை. மஜோர்தாவிலேயே அமைதியாக வாழ்ந்து, 2012 ஜனவரி 18-ல் இறைவனடி சேர்ந்தார்.

இதை எழுதும்போது எங்களுக்குப் பாட்டுக் கற்பித்த பழைய உபதேசியார் கண்முன் நிற்கிறார். நொட்டேஷன் அவருக்குத் தெரியாது. காதால் கேட்டதை, நாற்பது பக்க நோட்டில் பாட்டு வரிகளுக்கு மேலே ச-ரி-க-ம என்று பென்சிலால் எழுதி வைத்தார். பனியில் ஆர்மோனியத் துருத்தி விறைத்துப் போகும். அடுப்பருகே காட்டி எடுத்து வருவார். பிசகினால் அடிக்கமாட்டார், “மறுபடி” என்பார். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நாங்கள் பயந்தோம்.

இப்போது கோயிலில் கீபோர்டு இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் தாளம் தானே வருகிறது. ஆனால் நொட்டேஷன் படிக்க வேண்டும் என்று பாடகர் குழுவில் இரண்டு பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து கற்றுக்கொடுக்க இன்னும் ஒருவர் அமையவில்லை. அதுவரை உபதேசியாரின் நோட்டுத்தான். ஜூபிலிப் பூசைக்கும் அதைப் பார்த்தே பழகியிருக்கிறோம். அதில் நான்கு பாட்டுகளுக்கு ஸ்வரம் எழுதப்படவில்லை. அவற்றை அவர் பாடிய விதம் எங்களில் மூவருக்கு மூன்று விதமாக நினைவிருக்கிறது.