ஒவ்வாமைக்கான ஊசி: ஒரு வரலாறும் ஓர் எச்சரிக்கையும்

ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ அவர்களுக்கு, ரோஜா மலரும் வசந்த காலம் வந்துவிட்டால் மூக்கில் நீர் வடியத் தொடங்கிவிடும். இதன் காரணத்தை ஆராய்ந்து மாமருத்துவர் அர்-ராஸீ தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். மலரால் வரும் நோயைப் பற்றி எழுதப்பட்ட மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளுள் அதுவும் ஒன்று. இன்று நாம் 'அலர்ஜி' என்று சொல்லும் துன்பம் நம் முன்னோர் அறிந்திருந்த ஒன்றே.

மலையடிவாரத்தில் அமைந்த நமது புளியங்குடிக்கும் இது புதிதன்று. சாரல் காலத்து ஈரத்தில் சுவரில் படரும் பூஞ்சை, பழைய மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, கண்மாய்க் கரைகளில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலின் மகரந்தம் ஆகியவை சிலருக்குத் தும்மலையும் இளைப்பையும் தருகின்றன. மாத்திரையால் தீராதபோது, "ஊசி போட்டால் நின்றுவிடுமாம்" என்ற பேச்சு வீடுகளில் எழுகிறது. அந்த ஊசி எங்கிருந்து வந்தது, அதன் நன்மை எது, ஆபத்து எது என்பதை நாம் அறிந்திருத்தல் நலம்.

1873-இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி, தம்மை வாட்டிய நோய்க்குப் புல்லின் மகரந்தமே காரணம் என்பதைத் தம் உடலிலேயே சோதித்து நிறுவினார். 1911-இல் இலண்டன் செயிண்ட் மேரி மருத்துவமனையில் பணியாற்றிய லியோனார்ட் நூன், மகரந்தச் சாற்றை மிகச் சிறிய அளவில் ஊசி மூலம் செலுத்தி, அந்த அளவைப் படிப்படியாக உயர்த்தும் முறையை வெளியிட்டார். ஒரு கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து எடுக்கும் சாறே அவர் வகுத்த அலகு. அளவு மிகுந்தால் தீங்கு நேரும் என்பதை அவர் அப்போதே கண்டுரைத்தார். நூன் காசநோயால் 1913-இல் இறந்தார். அவருடைய நண்பர் ஜான் ஃப்ரீமன் பணியைத் தொடர்ந்தார்.

ஆபத்தின் தன்மையோ அதற்கு முன்பே தெரியவந்திருந்தது. 1902-இல் பிரெஞ்சு அறிஞர்கள் சார்லஸ் ரிஷேயும் பால் போர்ட்டியேயும், முதல்முறை தாங்கிக்கொண்ட நஞ்சை இரண்டாம் முறை மிகச் சிறிய அளவில் பெற்றபோதும் விலங்குகள் சில நிமிடங்களில் இறந்ததைக் கண்டு, அந்நிலைக்கு 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயரிட்டனர். இதற்காக ரிஷேக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மருந்தும் அதன் ஆபத்தும் ஒரே காலத்தில் அறியப்பட்டவை.

ஆயினும் உரிய கண்காணிப்பு எல்லா இடத்திலும் இருக்கவில்லை. 1957 முதல் 26 பேர் இந்த ஊசியால் இறந்ததாக 1986-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. என்ன நோய்க்காக ஊசி போடப்பட்டது என்பது தெரிந்தவர்களில் பெரும்பாலோர் ஆஸ்துமா நோயாளிகள். உயிர்காக்கும் வசதி உள்ள இடத்தில் மட்டுமே ஊசி போட வேண்டும், அதன்பின் இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்று அக்குழு கூறியது. அதன் பின்னர் பிரிட்டனில் இச்சிகிச்சை ஏறக்குறைய நின்றே போனது. காலப்போக்கில் அந்த நேரம் ஒரு மணியாகக் குறைந்தது. பல நாடுகளில் இன்று குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்கச் செய்கின்றனர். கடுமையான எதிர்விளைவுகளில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே வெளிப்படுவதால்தான் இந்த வரம்பு.

இவ்வளவு கேட்டபின் அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை. ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் வீக்கமும் வருவது வழக்கம். அவை தாமே தணியும். மேனியெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், இளைப்பு, மயக்கம் ஆகியவையே ஆபத்தின் அடையாளங்கள். அந்நேரத்தில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. உயிரிழப்பு மிக அரிது. அமெரிக்க ஆய்வுகள் ஏறத்தாழ 25 இலட்சம் ஊசிகளுக்கு ஒன்று எனக் கணக்கிட்டன. கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து மிகுதி. இரத்த அழுத்தத்திற்காகச் சிலர் உட்கொள்ளும் 'பீட்டா பிளாக்கர்' மாத்திரைகள் அட்ரினலினின் வேலையைத் தடுக்கக்கூடும். ஆகவே அதை மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். கருவுற்றிருக்கும்போது இச்சிகிச்சையைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரைகளும் சொட்டு மருந்துகளும் இப்போது உள்ளன. வாயில் அரிப்பும் உதட்டில் வீக்கமும் அவற்றில் பொதுவானவை. கடும் விளைவு ஊசியைவிடக் குறைவு. எனினும் முதல் மாத்திரையை மருத்துவர் முன்னிலையில் போட்டுக்கொள்வதே முறை. ரமளானில் இதை நோன்பு திறந்த பின்னரோ ஸஹரிலோ எடுப்பது பற்றி மருத்துவரிடமும், ஊசியின் சட்டம் பற்றி ஆலிமிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்க.

சிகிச்சை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் நீள்கிறது. தென்காசிக்கோ திருநெல்வேலிக்கோ சென்று ஊசி போட்டுக்கொண்டு, பேருந்து போய்விடுமே என்று உடனே எழுந்துவிடும் அவசரம் நமக்கு இயல்பு. ஒன்றும் ஆகாமல் பத்து முறை கடந்தது, பதினோராவது முறைக்கு உத்தரவாதம் ஆகாது. அந்த அரை மணி நேரம், பல உயிர்களின் இழப்பிலிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம். அட்ரினலின் இல்லாத இடத்திலும், மருத்துவம் கற்காதவர் கையாலும் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாகாது. அறியாமல் மருத்துவம் செய்து தீங்கு விளைவித்தவரே அதற்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி.

நோய்க்கு மருந்தை இறக்கியவன் அல்லாஹ் என்பது நம் நம்பிக்கை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அவன்மீது பொறுப்புச் சாட்டுவது நமக்குக் கற்பிக்கப்பட்ட தவக்குல். மருத்துவமனை பெஞ்சில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் அரை மணி நேரமும் அந்த ஒட்டகத்தைக் கட்டும் கயிறுதான். நம் பிள்ளைகளுக்கும் பெரியோருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.