நானோதுகள் திரளல்: பாய்வுவழி ஆய்வு

நீர்மத்தில் தனித்தனியே மிதக்கும் நானோதுகள்கள் மோதி, ஒட்டிக்கொண்டு, கொத்தாக மாறுவதே திரளல். ஓடும் நீர்மத்தில் இதை அளக்கும் முறைகள் படிப்படியாக உருவானவை.

1857இல் லண்டன் ராயல் கழகத்தில் மைக்கேல் பாரடே விவரித்த தங்கக் கூழ்மம் மாணிக்கச் சிவப்பாக இருந்தது. உப்பு சேர்த்ததும் அது நீலமாயிற்று. துகள்களை விலக்கி வைத்திருந்த மின்சுமையை உப்பின் அயனிகள் மறைக்க, அவை நெருங்கித் திரண்டுவிட்டன. இன்றைய ஆய்வகங்களும் இந்த நிறமாற்றத்தைத்தான் முதலில் பார்க்கின்றன.

திரளும் வேகத்துக்குக் கணக்கு வகுத்தவர் போலந்து இயற்பியலாளர் மரியான் ஸ்மோலுகோவ்ஸ்கி. 1917இல், 45 வயதில், கிராகோவில் சீதபேதியால் இறப்பதற்குச் சற்று முன் அவர் முடித்த அரும்பணி அது. துகள்கள் பிரவுனியன் இயக்கத்தாலும் மோதும். அடுத்தடுத்த நீர்ம அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்வதாலும் மோதும். இரண்டாம் வகை மோதல் துகள் ஆரத்தின் முப்படிக்கேற்பப் பெருகும். அறைவெப்ப நீரில், திசைவேகச் சரிவு நொடிக்கு 100 என்றால், 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகளுக்கு ஓட்டத்தின் பங்கு பிரவுனியன் மோதலில் ஏறத்தாழ 10,000இல் ஒன்றுதான். 1 மைக்ரோமீட்டர் ஆரமானால் அதுவே 100 மடங்கு. ஆகவே தொடக்கத்தில் துகள்களைச் சேர்ப்பது ஓட்டமன்று. கொத்து பெருத்த பிறகே ஓட்டம் அதை வளர்க்கவும் உடைக்கவும் செய்கிறது. மோரிஸ் கூயெட் 1890இல் விவரித்த, ஒன்றுக்குள் ஒன்றான இரு உருளைகளின் இடைவெளி இதை ஆராயப் பொருத்தமான களமாயிற்று.

தொடக்கநிலைத் திரளலுக்கு ஓட்டம் கடிகாரமாகப் பயன்படுகிறது. இதற்கு வழிகாட்டியது ஹீமோகுளோபின் ஆய்வு. 1923இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் இரு கரைசல்களைக் கலந்து கண்ணாடிக் குழாயில் பாய்ச்சினர். நொடிக்கு 1 மீட்டர் ஓட்டத்தில், கலந்த இடத்திலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிப் பார்த்தால், நூறில் ஒரு நொடி கடந்த நிலை தெரியும். வினை எவ்வளவு விரைவானாலும் அந்த இடத்தில் காட்சி மாறாமல் நிற்கும், நிதானமாக அளக்கலாம். ஆனால் லிட்டர் கணக்கில் கரைசல் செலவானது.

அந்தச் செலவை நுண்பாய்மச் சில்லுகள் பெருமளவு குறைத்தன. ஆனால் நுண்குழாயின் நடுவே நீர்மம் சராசரியைவிட இருமடங்கு வேகமாக ஓடுகிறது, சுவரோரம் தேங்குகிறது. அங்கே துகள்கள் படிந்தால் அளவீடே பிழையாகும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் இஸ்மகிலோவ் குழுவினர் 2003இல் காட்டிய துளிமுறை இதற்கு நல்ல தீர்வு: எண்ணெய் சூழ்ந்த நீர்த்துளி சுவரைத் தொடாது, வளைவுகளில் உள்ளே நன்கு கலக்கும். எனினும், துளியின் விளிம்பிலேயே சில துகள்கள் ஒட்டக்கூடும் என்பதால், எண்ணெயில் சேர்க்கும் பரப்புச் செயலியைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.