லைசென்கோவும் ஒரே ஒரு கோதுமைச் செடியும்

போன வாரம் ஆபீஸ் கேன்டீன்ல நண்பன் ஒருத்தன் ஆரம்பிச்சான். "எபிஜெனடிக்ஸ் வந்தப்புறம் பாத்தா லைசென்கோ சொன்னது சரிதான்டா. அந்தாளை அநியாயமா வில்லனாக்கிட்டாங்க." எனக்குச் சாப்பாடு இறங்கலை. நான் படிச்சது இன்ஜினியரிங், பொழைப்பு கோடு அடிக்கிறது. ஆனா இந்தக் கதை ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டே இருக்கிற கதை. அங்க பாதி சொன்னதை இங்க முழுசா சொல்லிடறேன்.

கோதுமையில் ரெண்டு வகை உண்டு. வசந்தகாலக் கோதுமையை விதைச்சா அந்தக் கோடையிலேயே கதிர் விடும். குளிர்காலக் கோதுமை அப்படி இல்லை. இலையுதிர் காலத்தில் விதைத்து, பல வாரம் குளிரில் கிடந்தால்தான் அடுத்த வருஷம் பூக்கும். வசந்தத்தில் விதைச்சா வெறும் புல்லா நிக்கும். முளைவிடும் விதைக்குக் குளிர் காட்டினாலே போதும் என்று குஸ்டாவ் காஸ்னர் என்ற ஜெர்மானியர் 1918-லேயே எழுதிவிட்டார்.

1929-ல் உக்ரைனில் டிரோஃபிம் லைசென்கோ இதையே தன் அப்பாவின் வயலில் செய்து காட்டினார். அதற்கு முந்தைய ரெண்டு குளிர்காலத்திலும் உறைபனியில் பயிர் போயிருந்தது. குளிர்காலக் கோதுமையை ஊறவைத்து, பனியில் புதைத்து, வசந்தத்தில் விதைக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? சோவியத் பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடின. வெர்னலைசேஷன் என்று இன்று சொல்வது இதைத்தான். மரபியலாளர் நிக்கோலாய் வாவிலோவ்கூட ஆரம்பத்தில் லைசென்கோவைப் பாராட்டினார். இதுவரைக்கும் பெரிய தப்பு ஒண்ணும் இல்லை.

வினை 1935-ல் வந்தது. குளிர் காட்டின விதை பூக்கிறது என்பதோடு நிற்காமல், குளிர்காலக் கோதுமையை நிரந்தரமாக வசந்தகாலக் கோதுமையாக மாற்றிவிடலாம், அந்தக் குணம் அடுத்த தலைமுறைக்கும் போகும் என்றார். ஆதாரம்? கூப்பரேடோர்கா என்ற ரகத்தில் ரெண்டு செடி. அதில் ஒண்ணு செத்துப்போச்சு. மிச்சம் ஒண்ணு. ஒரே ஒரு டெஸ்ட் கேஸை ஓட்டிட்டு ரிலீஸ் பண்ற ஆளை எங்க டீம்ல சேர்க்கவே மாட்டோம் :-)

சிரிக்கிற விஷயம் இத்தோட முடிஞ்சுது. 1938-ல் லைசென்கோ விவசாய அகாடமியின் தலைவரானார். ஸ்டாலினின் ஆதரவு இருந்தது. அதே அகாடமியின் முதல் தலைவர் வாவிலோவ். ஆப்கானிஸ்தான், எத்தியோப்பியா என்று அலைந்து, உலகத்துப் பயிர் விதைகளை எல்லாம் லெனின்கிராடில் சேர்த்து வைத்த மனுஷன். 1940 ஆகஸ்டில், உக்ரைனில் விதை சேகரிக்கப் போன இடத்திலேயே அவரைக் கைது செய்தார்கள். மரண தண்டனை விதித்து, பிறகு அதை 20 வருஷ சிறையாகக் குறைத்தார்கள். 1943 ஜனவரி 26 அன்று சரத்தோவ் சிறையில், பட்டினியில் நலிந்து செத்துப்போனார். அதே காலத்தில் ஜெர்மன் ராணுவத்தின் முற்றுகையில் இருந்த லெனின்கிராடில், அவர் சேர்த்த விதைகளைத் தின்னாமல் காத்தபடி அவருடைய சகாக்கள் பசியில் செத்தார்கள். அரிசி விதைகளைப் பார்த்துக்கொண்ட திமித்ரி இவானோவ் செத்தபோது, பக்கத்தில் ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருந்தன. 1948 ஆகஸ்டில் மரபியலே அந்த நாட்டில் தடை செய்யப்பட்டது.

இப்ப நண்பன் சொன்ன எபிஜெனடிக்ஸ். கோதுமையைப் பூக்கவைக்கும் விஆர்என்1 என்ற ஜீனை 2003-ல் கலிஃபோர்னியாவில் ஹோர்கே டுப்கோவ்ஸ்கியின் குழு பிரித்தெடுத்தது. குளிருக்கு முன்னால் இந்த ஜீன் அடைத்துக் கிடக்கும். டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் 'மூடு' என்று ஒரு மெத்தில் குறி இருக்கும். குளிர் நீள நீள அது குறைந்து, 'திற' என்கிற குறி ஏறும். வெயில் வந்த பிறகும் செடி அதை மறக்காது. 2009-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை பார்லியில் காட்டினார்கள். ஆக, சூழல் ஜீனை மாற்றி இயக்குகிறது என்பது உண்மைதான்.

ஆனா புது விதை உருவாகும்போது இந்தக் குறி திரும்பப் பழைய நிலைக்கே வந்துவிடும். ரீஸ்டார்ட் பண்ணினா மெமரியில இருந்தது போகுமே, அந்த மாதிரி. பிள்ளைச் செடி மறுபடியும் குளிருக்குக் காத்திருக்கணும். வசந்தகாலக் கோதுமையில் மாறியிருப்பது சோர்ஸ் கோடே: அதே விஆர்என்1 ஜீனில் சில துண்டுகள் காணாமல் போய், குளிரே இல்லாமல் ஓடுகிறது. எத்தனை வருஷம் பனியில் புதைத்தாலும் அந்தத் துண்டு போகாது.

தலைமுறை தாண்டுகிற எபிஜெனடிக் மாற்றங்களும் உண்டே என்று நண்பன் விடாமல் கேட்டான். உண்டு. மக்காச்சோளத்தில் ஒரு ஜீன் வடிவம் இன்னொன்றின் இயக்கத்தை மாற்றி, அந்த மாற்றம் வாரிசுகளுக்கும் போவதை அமெரிக்காவில் ஆர். ஏ. பிரிங்க் 1956-ல் எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தார்? செடிகளைக் கலப்பு செய்து, மகசூலில் வந்த விதைகளின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து. லைசென்கோ ஆட்கள் திட்டித் தீர்த்த அதே மெண்டல் வழியில்.

வாவிலோவ் மீதான தீர்ப்பை 1955-ல் ரத்து செய்தார்கள். லைசென்கோ 1965 வரைக்கும் மரபியல் நிறுவனத்தின் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.